ரஸ்தா, மார்ச்

அவர்களுக்கு மாலை ஐந்து மணி,
தேவகோட்டை ரஸ்தாவில் பின்னிரவு மூன்றரை.
அலுவலகம் பூட்டுமுன் யாரோ ஒருவர்
என் பெயருக்கு எதிரே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார் என்று
நானாக ஒரு காட்சி வைத்திருக்கிறேன்.
போன ஞாயிறு அந்த ஊரில் கடிகாரத்தை
ஒரு மணி முன்னே தள்ளி வைத்தார்கள்.
இப்போது இரண்டரைக்கே நம்பிக்கை விட்டுப் படுக்கலாம்.

ஆறு இடம்.
ஆறுக்கும் கட்டணம் கட்டிய வளையல்
கூட்டுறவு வங்கியில் இருக்கிறது.

நேர்காணலில் ஒரு பேராசிரியை
அடைக்கலமேரி என்பதற்குப் பொருள் கேட்டார்.
முதலில் வாயில் வந்த ஆங்கிலச் சொல்
விசா வரிசையில் நிற்பவர் சொல்லக் கூடாத சொல்.
திரையில் மூன்று முகமும் ஒரு நொடி உறைந்தன.
நெட் கோளாறுதான் என்று
இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

செக்காலை ரோட்டில், பெயிண்ட் கடை மாடியில்
ஆறு முதல் எட்டு ஸ்போக்கன் இங்கிலீஷ்.
சிங்கப்பூர் போகவிருக்கும் வயிரவன் எழுந்து
'ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்' என்கிறான்.
ஹாவ் பீன், என்று திருத்துகிறேன், ஹாவ் பீன் வெயிட்டிங்.
தொடங்கிய நாள் தெரியும், முடியும் நாள் தெரியாது,
அதற்கென்றே அவர்கள் கட்டிவைத்த காலம்.
'தமிழ்ல இதுக்கு என்ன மிஸ்?'
காத்துக்கிட்டே இருக்கேன்.
அந்த 'டே'யை இழுத்துச் சொல்லிப் பார், வயிரவா.
இழுக்கிறான். வகுப்பே சிரிக்கிறது.
பலகையைத் துடைக்க நான் திரும்பிக்கொள்கிறேன்.

முதல் பதில் பிப்ரவரியில், மூன்று பத்தி.
இத்தனை சிறந்த விண்ணப்பங்கள் எந்த ஆண்டும் வந்ததில்லை,
ஆகவே வருந்துகிறோம்.
அச்செடுத்து, அந்த 'ஆகவே'யைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன்.
சொல்லாட்சி படிக்கக் கேட்டவளுக்கு
அந்தத் துறையே எழுதும் கடிதம்
இன்னும் கொஞ்சம் நன்றாகப் பொய் சொல்லியிருக்கலாம்.
இரண்டாவதும் மூன்றாவதும் அதே வருத்தம்.
நான்காவது, காத்திருப்போர் பட்டியல்.

அப்பாவிடம் அதைச் சொன்னேன்.
'வெயிட்டிங் லிஸ்ட் எத்தனை?'
நம்பர் சொல்ல மாட்டார்கள் அப்பா.
'நம்பர் இல்லாம ஒரு வெயிட்டிங் லிஸ்டா?
சார்ட் எப்பப் போடுவான்?'
சித்திரை பிறந்த மறுநாள் கடைசி.
'அப்பக் கன்ஃபர்ம் ஆயிரும்.'
ராமேஸ்வரம் வண்டியில்
முப்பத்தேழு வரைக்கும் ஆகியிருக்கிறதாம்.

சந்தியாகு, மாட்டுத் தரகர்.
என் பதினான்கு பக்கக் கட்டுரை இவரைப் பற்றித்தான்.
இவருக்குத் தெரியாது.
துண்டுக்குள் இரண்டு கை, விரல் பிடித்தால் விலை.
சுற்றி நிற்கும் அத்தனை பேர் நடுவில்
வாய் திறக்காமல் ஒருவனை ஒப்ப வைப்பதற்கு
கிரேக்கர்களின் இலக்கணத்தில் எங்கே இடம்
என்று கேட்டு முடித்திருந்தேன்.
காளையின் பல் பற்றி ஓர் அடிக்குறிப்புகூட உண்டு.

இன்று சந்தை.
இரண்டரை தாண்டியும் உட்கார்ந்திருந்தேன்.
எழுந்து வந்தவர் அடுப்படியில்
போன் வெளிச்சத்தில் என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை. கடுங்காப்பி போட்டு
பாதியை என் பக்கம் தள்ளினார்.
பிறகு தோளில் கிடந்த துண்டை
என் கைமேல் போட்டு, உள்ளே கைவிட்டார்.
எத்தனை பாக்கி?
இரண்டு விரல் நீட்டினேன்.
ஒன்றை மடக்கிவிட்டு
மற்றதைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்று போதும் என்றா,
ஒன்று போகும் என்றா.
விரலின் மதிப்பு மாட்டைப் பொறுத்தது,
நூறாகலாம், ஆயிரமாகலாம் என்று
ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்,
ஏதோ எனக்குத் தெரிந்தது போல.

வெளியே லெவல் கிராஸிங்கில் மணி அடித்தது.
'கேட்டப் போட்டுட்டான் பாரு' என்று
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
இருட்டில் செருப்பைத் தேடினார்.